நிலவறையில் நான்கு குரல்கள்

அன்றைக்குச் செபச் சத்தம் வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது. அருள்நேசனுக்கு அது பெரிய திருப்தி.

சீருடைச் சட்டையை மேசையில் விரித்து, பெற்றோல் நிலையத்தின் பெயர் தைத்த பைக்கு மேல் மின்னழுத்தியை மெல்ல நகர்த்தியபடி, காலுக்குக் கீழே கம்பளத்துக்கும் பலகைக்கும் அடியிலிருந்து வரும் குரல்களை அவன் ஒரு காதால் அளந்துகொண்டிருந்தான். போன கிழமை வாசற்கதவுவரை கேட்ட சத்தம். இன்றைக்கு இந்த அறையையே தாண்டவில்லை. ஏழு மணிக்கு அவனுக்கு வேலை. அதற்குள் செபம் முடிந்து மனைவி இம்மாகுலேற் மேலே வந்து சாப்பாடு கட்டித் தருவாள். காலையிலிருந்து தலை இடித்துக்கொண்டிருந்ததைத் தவிர அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

வட லண்டன் எட்மண்டனில், பஸ் போகிற வீதிக்கு ஒரு தெரு உள்ளே, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அது. 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நாலரைக்கே இருட்டிவிடும் நாட்கள். இறந்தவர்களுக்காகச் செபிக்கிற, உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம் என்பதால் தினமும் ஐந்தரைக்கு நாலு பேர் நிலவறைக்குள் இறங்கிவிடுவார்கள். மேலே ஒவ்வொரு அறையிலும் கட்டில் கிடந்தது. முழங்காலில் நிற்க இடம் இருந்தது நிலவறையில் மட்டும்தான். மாடியில் குடியிருந்த பெனடிக்ற், அவன் பெண்சாதி பியற்றிஸ், அடுத்த தெருவிலிருந்து வரும் கத்தரின், பிறகு இம்மாகுலேற்.

செபத்தை நடத்துகிறவர் ஐந்தாமவர். அவர் உயிரோடு இல்லை. பெனடிக்றின் தகப்பன், மன்னாரில் கோயில் செபங்களை நடத்தும் உபதேசியாராக இருந்தவர், சாவதற்கு முதல் மாதம் ஒரு கசற்றில் முழுச் செபத்தையும் பேசி அனுப்பியிருந்தார். தான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் மறுமொழி சொல்லக் கணக்காக இடைவெளி விட்டிருந்தார். அந்த இடைவெளிகளில் மன்னார்க் காகங்கள் கத்தின. ஒரு பக்கம் முடிந்தால் தானாக மறுபக்கம் திரும்பும் ரேப் றெக்கோடர் ஒன்றைப் பெனடிக்ற் சவுத்தாலில் வாங்கி வைத்திருந்தான்.

"செத்த மனிசன் காகத்தோடை சேர்ந்து செபம் சொல்லுறார், நாலு விசரர் மறுமொழி சொல்லுறியள்" என்பான் அருள்நேசன். அவனும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். ஆனால் இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆனவன், பெற்றோல் நிலையத்தில் சூப்பர்வைசர், இங்கிலிசில் கோபப்படத் தெரிந்தவன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்து முனகுகிற கூட்டத்தோடு தன்னைச் சேர்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி குப்பைத்தொட்டியடியில் அவனை மறித்தாள். உங்கள் வீட்டில் யாருக்காவது வருத்தமா, பின்னேரங்களில் ஆட்கள் அழுவதுபோலக் கேட்கிறதே என்றாள். உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். அருள்நேசனுக்குக் காது சிவந்தது.

"அழுகினமாம்! நீங்கள் செபிக்கிறது அவளுக்கு ஒப்பாரி மாதிரிக் கேக்குதாம். ஊரிலை கத்தினமாதிரி இஞ்சையும் கத்தினால் நாளைக்குக் கவுன்சிலிலையிருந்து வருவான்" என்று அன்றிரவு நாலு பேரையும் நிறுத்திவைத்து ஏசினான்.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினான். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன் அவன். நிலவறையின் மேற்சுவரில், தெரு மட்டத்தில், கம்பி வைத்த சிறு சன்னல் ஒன்று. அதற்குக் கீழே ஓட்டை ஓட்டையாக இரண்டு காற்றுக் கற்கள். ஓட்டைகளில் பேப்பரைக் கசக்கித் திணித்து, சன்னலையும் சேர்த்து மட்டையால் மூடி, பார்சல் ஒட்டுகிற அகலமான ரேப்பால் ஒட்டினான். மூன்று நாள் கேட்டுப் பார்த்தான். போதவில்லை. இன்று வியாழக்கிழமை மத்தியானம் இன்னும் இரண்டு படை ஒட்டி, ஓரங்களை உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியின் பிடியால் தேய்த்து இறுக்கினான். ஹீற்றரையும் அப்போதே கொளுத்திவிட்டான், பின்னேரத்துக்கு அறை சூடேறியிருக்கட்டும் என்று.

அந்த ஹீற்றரும் அவன் கொண்டுவந்ததுதான். பின்புறம் காஸ் சிலிண்டரை வைத்து உருட்டிக்கொண்டு போகிற பெட்டி. யாரோ பெற்றோல் நிலையத்து வாசலில் எறிந்துவிட்டுப் போனது. முன்னால் மூன்று சூட்டுத்தகடுகள், அதில் ஒன்று வெடித்திருந்தது.

"அண்ணை, அந்த நடுத்தகடு மஞ்சளாயெல்லோ எரியுது. நீலமா எரியவேணுமெண்டு சொல்லுவினம்" என்று பெனடிக்ற் செவ்வாய்க்கிழமை சொன்னான்.

"நிறம் பாக்கிறதெண்டால் கிறிஸ்மஸ் மரத்துக்கு முன்னாலை போய் இரும். காஸைப் பற்றி எனக்கோ படிப்பிக்கிறீர்?"

காஸைப் பற்றி அவனுக்குத் தெரியும். கம்பனி ஒருநாள் வகுப்புக்கு அனுப்பித் தாள் கொடுத்திருந்தது. அந்தத் தாளை அவன் தமிழாக்கி, முத்து முத்தான எழுத்தில் எழுதி, நிலவறைக் கதவில் ஒட்டியிருந்தான். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்கவும். பூட்டும் இடத்தைச் சவர்க்கார நுரையால் சோதிக்கவும். மேலதிகச் சிலிண்டரை நிலவறையில் வைக்காமல் வெளியே வைக்கவும். மெழுகுதிரி கொளுத்தக்கூடாது. மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் தொடக்கூடாது. காஸ் காற்றைவிடக் கனம், நிலத்தோடுதான் கிடக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஆறு விதிகள். இங்கிலிசுத் தாளில் ஏழு இருந்தன. அடுப்போ ஹீற்றரோ எரிகிற அறையில் காற்று வரும் வழியை ஒருபோதும் அடைக்காதே, அடைத்தால் நெருப்பே அறைக் காற்றை நஞ்சாக்கிவிடும் என்பது ஏழாவது. தாளில் இடம் முடிந்துவிட்டது. அதோடு, குளிருக்கு ஹீற்றரைக் கொளுத்திவிட்டு ஓட்டையையும் திறந்து வை என்பது வெள்ளைக்காரனின் புத்தி என்று அவனுக்குப் பட்டது.

செவ்வாய் பின்னேரம் கத்தரின் சத்தியெடுத்தாள். புதன்கிழமை நாலு பேருக்கும் தலையிடி. பியற்றிஸின் கட்லெற்றில் பழியைப் போட்டுச் சிரித்தான் அருள்நேசன்.

இன்று ஐந்தரைக்கு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவடியில் நின்ற இம்மாகுலேற் மெதுவாகக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, ஒரு சின்ன ஓட்டையாவது விடுங்கோவன். கீழை மூச்சு முட்டுது."

"விறகுப் புகைக்குள்ளை பிறந்து வளந்தனீர். லண்டனுக்கு வந்து ஏழு மாசத்திலை உமக்கு மூச்சு முட்டுதோ?"

அவள் படியிறங்கினாள். அவன் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, அடியில் பழைய கம்பளிப் போர்வையைச் சுருட்டித் திணித்தான்.

இப்போது அதே கதவுக்குப் பின்னாலிருந்து செபம் மெத்தென்று, ஈரத் துணிக்குள் சுற்றியதுபோல வந்துகொண்டிருந்தது. உபதேசியார் சொல்லுவார். நாலு பேர் முடிப்பார்கள். அருள்நேசனுக்கு நாலையும் பிரித்தறியத் தெரியும். பெனடிக்றுடையது பானைக்குள் பேசுகிற குரல். பஸ்ஸுக்கு ஓடுகிறவள்போல மற்றவர்களுக்கு முதல் முடிப்பவள் பியற்றிஸ். கத்தரின் மூக்கால் இழுத்து எல்லோருக்கும் கடைசியில் வந்து சேர்வாள். இம்மாகுலேற்றின் குரலை அவன் ஒருநாளும் தனியாகக் கேட்டதில்லை. அது மற்ற மூன்றுக்கும் அடியில் எங்கோ கிடக்கும்.

சட்டையின் இடது கையைத் திருப்பிப் போட்டான். அப்போதுதான் கவனித்தான். கத்தரினின் வாலைக் காணவில்லை.

ஒவ்வொரு மறுமொழிக்குப் பின்னாலும் தொங்குகிற அந்த மூக்கிழுவை இல்லை. மறுமொழி வெட்டினதுபோல நின்றது. ஒருவாறு பழகிவிட்டாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். அடுத்ததுக்கும் காத்திருந்தான். இல்லை. பெனடிக்றின் குரலும் பானையின் அடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்லைத் தொடங்கி, நடுவில் விட்டு, அடுத்த சொல்லில் வந்து சேர்ந்தது. தூங்குகிறார்கள். சூடு கண்ட இடத்தில் சுருளுகிற பூனைகள். செபமாம், பக்தியாம்.

செபமாலை முடிந்து பிரார்த்தனை தொடங்கியது. ஒவ்வொரு புனிதரின் பெயராக உபதேசியார் அழைப்பார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று இவர்கள் முடிக்கவேண்டும். பெயர் வந்தது. இரண்டு குரல்கள் முடித்தன. இரண்டும் பெண் குரல்கள்.

பெனடிக்ற் எங்கே?

அருள்நேசன் மின்னழுத்தியை நிமிர்த்தி வைத்தான். நெற்றிப்பொட்டில் இடி இரண்டு மடங்காகத் துடித்தது. வீடு முழுதும் ஒரு பாரமான வெதுவெதுப்பு. வெளியே ஒரு கார் போய், அதன் வெளிச்சம் கூரையில் ஊர்ந்து, கதவடிப் போர்வையின்மேல் இறங்கி அணைந்தது. பெயர். இரண்டு குரல்கள். பெயர். ஒன்றரைக் குரல். பியற்றிஸ் ஓடவில்லை இப்போது. நடந்தாள். நின்றாள்.

காஸ்.

சிலிண்டர் ஒழுகுகிறதா? விதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவை வந்ததும் பயம் கொஞ்சம் அடங்கியது. சுவிச்சைத் தொடக்கூடாது. மின்னழுத்தியின் பிளக்கை இழுக்காமல் விட்டான், பொறி பறக்கும் என்று. கதவடியில் குப்புறப் படுத்து, போர்வையை விலக்கி, இடுக்கில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தான். கனமான காஸ் நிலத்தோடுதான் கிடக்கும். நன்றாக இழுத்தான். மூன்று தரம் இழுத்தான்.

மணம் இல்லை. வெதுவெதுப்பான, நீராவி கலந்த காற்று மட்டும். ஒழுகினால் அழுகல் மணம் வரும், அதற்கென்றே கலந்து விடுகிறார்கள். மணம் இல்லையென்றால் ஒழுக்கு இல்லை. ஒழுக்கு இல்லையென்றால் ஆபத்து இல்லை. அப்படித்தான் அவன் படித்திருந்தான். எழும்பும்போது சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. தன் பயத்தை நினைத்து அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இந்தச் சனத்தோடு இருந்து இருந்து தானும் பேய்க்குப் பயப்படுகிறவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, போர்வையைத் திரும்பவும் இடுக்கில் திணித்தான்.

அப்போது கீழே பெயர் வந்தது. ஒரு குரல் முடித்தது.

மெல்லிய குரல். தொண்டையில் சின்ன உடைவு. சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைக்கிற குரல். யாருடையது என்று அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இம்மாகுலேற். தனியாக. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அந்தக் குரலை அவன் தனியாகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

பெயர். அவள் முடித்தாள்.

பெயர். அவள் பாதி முடித்தாள்.

பெயர்.

காகம் கத்தியது.

"இம்மா!" கதவைத் திறந்தான். சூடு முகத்தில் துணிபோல விழுந்தது. பழக்கதோசத்தில், சத்தம் வெளியே போகாமல், கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினான். பதின்மூன்று படிகள். நாலாவதில் கால் வழுக்கியது. மிச்சத்தைக் குந்திக் குந்தி இறங்கினான்.

ஹீற்றர் மூன்று தகட்டிலும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் சுவரில் கரி, ஒரு நீண்ட நாக்குபோல. சன்னலை மூடிய மட்டையின்மேல் தண்ணீர் ஓடியது. நாலு பேரும் செபத்தில்தான் இருந்தார்கள். கத்தரின் சுவரில் சாய்ந்து. பியற்றிஸ் புருசனின் தோளில். பெனடிக்ற் முழங்காலில் நின்றபடியே முன்னால் கவிழ்ந்து, நெற்றி நிலத்தில். இம்மாகுலேற் கதிரையின் இருக்கையில் முகம் வைத்து, கையில் செபமாலை. எல்லோருடைய கன்னமும் சிவந்திருந்தது. நல்ல இளஞ்சிவப்பு. லண்டனுக்கு வந்த பிறகு அவர்கள் இவ்வளவு சுகமாக இருந்து அவன் கண்டதில்லை.

"எழும்பும். இம்மா. எழும்பும்."

கை சூடாக இருந்தது. தூக்கினான். விட்டதும் விழுந்தது. மாலை மட்டும் விரலில் நின்றது.

சன்னல். பெட்டியொன்றில் ஏறினான். மட்டையில் நகத்தை வைத்து ரேப்பின் முனையைத் தேடினான். முனை இல்லை. மூன்று படை. தேய்த்து இறுக்கிய ஓரம். சுரண்டினான். ஒரு நகம் போயிற்று. நோகவில்லை. நல்ல வேலை. அவனுடைய வேலை. அந்தச் சுவருக்கு அப்பால் கிழவி இருப்பாள். தொலைக்காட்சிக்கு முன்னால். கத்தினால் போதும். யாருக்காவது வருத்தமா என்று கேட்டவள். வருவாள்.

கத்தினான்.

அறை அந்தச் சத்தத்தை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது.

கால்கள் மடங்கின. மெதுவாக. முழங்காலில். இம்மாகுலேற்றின் பக்கத்தில், அவளுக்குச் சமமாக. படிகளுக்கு மேலே கதவு சாத்தியிருந்தது. அதன் மறுபக்கத்தில், அவன் கையெழுத்தில், ஆறு விதிகள்.

கிளிக். ரேப் மறுபக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு உபதேசியார் தொண்டையைச் செருமி, அவசரமே இல்லாமல், முதலாவது பெயரைச் சொன்னார். காத்திருந்தார்.

மன்னாரில் ஒரு காகம் கத்தியது.

அவர் இன்னும் காத்திருப்பதுபோல இருந்தது. அருள்நேசனின் உதடுகள் அசைந்தன. பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான்.