ஒரு டம்ளர் குறைகிறது

காரின் டாஷ்போர்டில் மூன்றாவது முறையாக அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தபோது, அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். பிற்பகல் வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது.

"கூலன்ட் கம்மின்னு காட்டுது. நேத்துதான் ஊத்தினேன்," என்றாள்.

மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசமாட்டார். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று சொல்லி, வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டார். பிறகு பார்த்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தக் கூலன்ட் டேங்க்கின் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. கைப்பம்பை மாட்டி அழுத்தம் கொடுத்தார். பம்பின் முள் இறங்கவில்லை. எங்கும் ஒழுகவில்லை. குழாய்கள் காய்ந்திருந்தன, உள்ளே கால் வைக்கும் விரிப்பும் காய்ந்திருந்தது. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை.

டேங்க்கை நிரப்பி, மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் மதியம் அவள் வந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவி அவரிடமேதான் இருந்தது, எஞ்சினை யாரும் தொடவில்லை. இருந்தும் கோட்டுக்குக் கீழே ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது. தரையில் சொட்டு ஈரமில்லை.

"காலைல பாத்தேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடில, உள்பக்கமா ஆவி படிஞ்சிருந்துச்சும்மா," என்றார் தணிந்த குரலில். "இந்த வண்டில ஏதாவது நடந்துச்சா?"

அவள் சொன்னாள். யாருடைய ரிப்போர்ட்டையோ படிப்பதுபோலச் சொன்னாள்.

நான்கு மாதங்களுக்கு முன் வீட்டில் ஒரு சண்டை. கணவர் கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திய கையோடு பக்கவாதம் வந்து கை, கால், வாய் எல்லாம் விழுந்துவிட்டது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. தூங்குகிறார் என்று நினைத்து எல்லோரும் கடந்து போனார்கள். இரண்டு நாள். உயிர் தாகத்தில்தான் போயிருக்கிறது என்றார் டாக்டர். கோபம் தணிந்தால் தானே வருவார் என்று அவள் தேடவில்லை.

அதன்பின் அவளுக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போக வண்டி தேவைப்பட்டது. ஓட்டினாள்.

விற்றுவிடுங்கள் என்றார் மெக்கானிக். அவள் தலையாட்டிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளிச்சத்தம் அற்றுப்போனது. சூடேறிய ரெக்ஸின் வாசனை. அதற்கு அடியில், கூலன்ட்போல லேசாகத் தித்திக்கும் ஒரு வாடை.

பக்கத்தில், உலர்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

மறுபடியும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஸ்டியரிங் பக்கம் நீட்டினாள்.

பாட்டிலின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"என்னங்க," என்றாள். "நான் தேடி வந்திருக்கணும்."

நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன.

மெக்கானிக் சாவியைப் போட்டுத் திருகுவதும் கண்ணாடியைத் தட்டுவதும் தெரிந்தன, கேட்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. நாக்கு வறண்டது. கைப்பிடியை இழுத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கால் மணி நேரம் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். கண்ணாடியை உடைக்க அவர் இரும்புக் கம்பியை ஓங்கியபோது பூட்டுகள் தாமாக விடுபட்டன.

அந்த வாரமே வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாள். எந்திரம் அதை நசுக்கித் தட்டையாக்கும்வரை நின்று பார்த்தாள். இப்போது பஸ்ஸில் போய் வருகிறாள்.

வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை. ஆனாலும், வேலை முடிந்து கிளம்பப் பத்து நிமிடம் தாமதமானால் போன் அடிக்கிறது. அவருடைய நம்பர். அவளே கையெழுத்துப் போட்டு ரத்து செய்த நம்பர்.

எடுத்தால் யாரும் பேசுவதில்லை.

"வந்துட்டிருக்கேன்," என்று அவள் சொல்லும்வரை வைப்பதுமில்லை.