மூன்று தட்டு, ஒரு விளக்கு

பனிக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஆய்வுக்கூடம் அது. வந்து இறங்கிய இயக்குநர், வாசலின் உட்சுவர்ப் பலகையில் தன் பெயர் வில்லையை ‘உள்ளே’ பக்கம் மாட்டினார். ‘வெளியே’ பக்கம் ஒரே ஒரு வில்லை. ஒல்லியுடையது. போன வருடத்திலிருந்து அதை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை.

இயக்குநரின் பையில் விருது உரை இருந்தது. துருவ ஒளி பற்றிப் பன்னிரண்டு பக்கம். ‘நான்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் பத்து. நடுவே போட்டுக்காட்ட அந்த ஒளியின் ஓசை மட்டும் பாக்கி.

வானத்தில் பச்சைத் திரை அசைந்தது. வெளியே நின்ற ஆன்டெனா பிடித்ததை ஓசையாக்கும் ஒலிபெருக்கி, விடியற்காலைக் குருவிகளைப் போலக் கீச்சிட்டது.

“பிளாஸ்மா அலை,” என்றார் இயக்குநர், தான் பெற்ற பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோல். “இதுதான் எலக்ட்ரானைக் கீழ தள்ளுது. அது காத்துல மோதினா வெளிச்சம்.”

“பதினோரு வருஷமா இங்கதான் சார் குப்பை கொட்டறேன்,” என்றார் ஆய்வுக்கூடத்து மெக்கானிக்.

டக். டக். டக்.

“என்ன அது?”

“ஒல்லி.”

ஒல்லி, மெக்கானிக்கின் மச்சான். ஆன்டெனாவைச் சரிசெய்யப் போகிறவர் வேலை முடிந்ததும் கம்பியை மூன்று முறை தட்டுவார். ஒலிபெருக்கியில் கேட்டதும், உள்ளே இருப்பவர் கம்பத்து விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். அதன் பிறகுதான் திரும்ப வேண்டும். போன வருடம் ஒல்லியை அனுப்பிவிட்டு உள்ளே இருந்தவர் இயக்குநர். பேச்சு ஒத்திகைக்கு இடைஞ்சல் என்று ஒலிபெருக்கியை அணைத்திருந்தார். விளக்கைப் பார்த்தபடியே ஒல்லி விறைத்துச் செத்தான். அறிக்கையில் ‘பனிப்புயல்’ என்று எழுதியாயிற்று.

“பத்து நாளா தட்டறான். நானும் விளக்கைப் போட்டுப் பாத்தேன், நிக்கல. அவனை அனுப்பினது நீங்கதானே.”

“உளறாதய்யா.” இயக்குநர் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினார்.

டக். டக். டக்.

இப்போது சுவருக்குள்ளிருந்து.

இந்தச் சத்தத்தோடு பதிவை மேடையில் போடுவது எப்படி? எரிச்சலோடு விளக்கை அணைத்துப் போட்டார்.

நின்றுவிட்டது.

“பாத்தியா? ஏதோ லூஸ் கனெக்‌ஷன்.”

மெக்கானிக் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“விளக்கைப் போட்டா என்ன அர்த்தம்னு மறந்துட்டீங்க சார்,” என்றார் கிசுகிசுப்பாக. “வேலை முடிஞ்சுது, உள்ள வான்னு அர்த்தம்.”

வாசற்படியில் யாரோ பூட்ஸிலிருந்து பனியை உதைத்து உதிர்த்தார்கள்.

கதவு திறக்கவில்லை.

பலகையில் ஒல்லியின் வில்லை ‘உள்ளே’ பக்கம் தொங்கியது. அதிலிருந்து பனி உருகிச் சொட்டியது.

‘வெளியே’ பக்கம், இப்போதுதான் மாட்டியதுபோல் ஆடிக்கொண்டிருந்தது, இயக்குநரின் வில்லை.