சாக்பீஸின் நீளம்

"தலைவலின்னா மாத்திரை போட்டுட்டு வகுப்புக்குப் போடீ! உன் பாடத்தை இறக்கினதுலேர்ந்து எனக்கு மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"நீ மட்டும் என்னவாம்? பட்டினியா உட்கார்ந்து நீ கேட்ட பாடத்துல எனக்குப் பாதி நேரம் பரோட்டா ஞாபகம்தான்."

நிறைமதியும் ஜெசிந்தாவும் சேர்ந்தால் இப்படித்தான். திருச்சிக் கல்லூரி ஒன்றில் இருவரும் 'இணைச்செவி'. மிளகளவு செவிமணியைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒருத்தி விரிவுரை கேட்பாள். மற்றவள் விடுதியில் தூங்குவாள். மாலையில் மணி கைமாறும். அதை வைத்துக் கண்ணை மூடினால், தானே வகுப்பில் இருந்த மாதிரி எல்லாம் நினைவில் இறங்கும், கேட்டவளின் பசியும் வலியும் கோபமும் உட்பட. இறங்கத் தொடங்கினால் முடியும்வரை நிற்காது, நடுவில் வெட்டவும் முடியாது. இறங்கியது சாகும்வரை மறக்காது. அதற்காகத்தானே செவிமணியைக் கண்டுபிடித்தார்கள்!

இறுதியாண்டில் மண்ணியல் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் இடம் காலி என்றார்கள். இருவரும் விண்ணப்பித்தார்கள்.

"யாருக்குக் கிடைச்சாலும் நமக்குக் கிடைச்ச மாதிரிதான்டீ" என்றாள் ஜெசிந்தா. நிறைமதி அதை அப்படியே நம்பினாள்.

அந்த இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கருத்தரங்கு நாள். காலை விரிவுரையைக் கேட்டுவிட்டு, மணியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மேடையேறினாள் நிறைமதி. நிலநடுக்கத்தில் கட்டடங்கள் புதைவதைப் பற்றித் தடங்கல் இல்லாமல் பேசி முடித்தாள்.

"எல்லாம் சரிம்மா" என்றார் பேராசிரியர் தணிகாசலம். திரைகள் பிடிக்காமல் இன்னும் சாக்பீஸோடு அலைகிறவர். "காய்ஞ்ச மணல் தாங்குது. ஈர மணல் மட்டும் ஏன் கூழாகுது? போன மாசம் போர்டுல வரைஞ்சேனே?"

அந்த வகுப்புக்குப் போனவள் ஜெசிந்தா. நிறைமதி கண்ணை மூடினாள். கரும்பலகை வந்தது. புது சாக்பீஸை எடுத்த பேராசிரியர், "இப்போ ஈர மணல்" என்றார். அடுத்த கணம் அவர் விரலில் சாக்பீஸ் நகத்தளவுதான் இருந்தது. "சரி, அடுத்தது" என்றார்.

நடுவில் ஒன்றுமே இல்லை.

மறுபடி பார்த்தாள். நீளமான சாக்பீஸ், குட்டையான சாக்பீஸ். கேட்டவள் தூங்கியிருந்தால் அந்தத் தூக்கமும் இறங்கியிருக்குமே! மணியைக் கழற்றினால்தான் இப்படி அறுந்து நிற்கும்.

"மறந்துட்டியாம்மா?"

"மறக்க முடியாதே சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் சொல்றேன் சார்." ஜெசிந்தா எழுந்தாள். "குலுங்கும்போது நடுவுல இருக்கிற தண்ணி அழுத்தும். ஒண்ணை ஒண்ணு பிடிச்சிட்டிருந்த மணலெல்லாம் பிடியை விட்டுடும்."

அவள் பேராசிரியரையே பார்த்துப் பேசினாள். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நிறைமதிக்கு வேறு பாடங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. நின்றிருந்த மின்விசிறி சட்டென்று சுழன்ற இடம். வெயில் ஒரே தாவலில் ஜன்னலை விட்டு மேசைக்கு வந்த இடம். செவிமணியின் கோளாறு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நாளைக்கு நேர்முகத்துக்கு ஜெசிந்தா மட்டும் வரட்டும். இன்னைக்குக் காலைல நடத்தினதுலேர்ந்துதான் கேட்பேன்" என்றார் தணிகாசலம்.

வராந்தாவில் ஜெசிந்தா காத்திருந்தாள்.

"மதி, அது வந்து... நீயும் நானும் ஒரே பாடம், ஒரே ஞாபகம்னா, எனக்குன்னு என்னடீ இருக்கும்?"

"கேட்டிருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேனே."

ஜெசிந்தாவின் கை மெல்ல நீண்டது. "காலைப் பாடம்..."

"அதுக்குத்தான் நிக்கிறியா?"

நிறைமதி காதுக்குப் பின்னால் தொட்டாள். மணி கதகதப்பாக இருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. பாடம், மேடை, குட்டைச் சாக்பீஸ், தன் பக்கம் திரும்பாத அந்த முகம், இந்த வராந்தா, இப்போது நீண்டிருக்கும் இந்தக் கை எல்லாம், பட்ட வலியோடு அதற்குள். பிய்த்தெடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

ஜெசிந்தா தயங்கினாள். "நடுவுல எங்கேயாவது..."

"ஒரு இடத்துலகூடக் கழட்டலை ஜெசி. முழுசா இருக்கு."

ஜெசிந்தாவின் விரல்கள் மடங்கவே இல்லை.