கடல் பக்கம் திரும்பிய படகு

ஹிமாயா தேத்தண்ணிப் போத்தலோடு வந்தபோது, வாப்பா ஏணியில் நின்று ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் புட்டிப் பசை அப்பிக்கொண்டிருந்தார்.

கடற்கரைப் பக்கம் இருக்கும் மாதா கோயிலில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் உண்டு. சுனாமியில் இறந்தவர்களின் நினைவாக வைத்தது. அதன் நடுவில் ஒரு மீன்பிடிப் படகு. உப்புக் காற்றில் அந்தத் துண்டின் ஈயப் பட்டை தளர்ந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரரான வாப்பா அதைக் கழற்றி, பட்டையை இறுக்கி, இன்று திரும்பப் பூட்டுகிறார். நாளைக்கு நினைவு நாள் பூசை.

"கிட்ட வராத! ஒரு கீறல் உழுந்தாலும் நாம இந்தப் பக்கம் முகம் காட்டேலா" என்றார் வாப்பா. பயத்தில் அவர் காலையிலும் சாப்பிடவில்லை.

ஹிமாயா கோயிலுக்குள் எட்டிப் பார்த்தாள். கோயிலைக் கூட்டித் துப்புரவாக்கும் செல்லத்தங்கம் அன்ரி ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"ஏன் அன்ரி, வடிவா இல்லையா?"

"வடிவுதான் மகள்." அவர் குரல் இறங்கியது. "படகு முந்திக் கரையைப் பாத்து நிண்டது. என்ட தம்பி அண்டைக்குக் கடலால வந்துகொண்டிருந்தவன். அதுக்காகத்தான் அப்பிடிச் செய்தவங்க. இப்ப கடலுக்குப் போகுது."

ஹிமாயா அண்ணாந்து பார்த்தாள். படகின் மூக்கு கடல் பக்கம் இருந்தது. வெளியே நிற்கும் வாப்பாவுக்கு வண்ணக் கண்ணாடி வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

"வாப்பாட்ட சொல்லிராத. பாவம், வெயிலுக்க நிக்கிறார்."

ஹிமாயா வெளியே ஏணியைப் பார்த்தாள். புட்டி காய்ந்தால் கண்ணாடியைக் கழற்ற முடியாது, உடையத்தான் செய்யும். இப்போது கழற்றினாலும் உடையலாம். சொன்னால் வாப்பா கத்துவார். சொல்லாவிட்டால் அந்தப் படகு ஒவ்வொரு நாளும் கடலுக்கே போகும்.

போத்தலை உள்ளே பூசைக்கு உட்காரும் வாங்கில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

"வாப்பா, உள்ளுக்கு ஒருக்கா வாங்களேன்."

"என்னத்துக்கு? கண்ணாடி வேலை எனக்கு நீ படிப்பிக்கப் போறியா?"

"இல்ல வாப்பா. தேத்தண்ணி உள்ளுக்குத்தான் இரிக்கி."

"ஏன்டி, இஞ்ச கொண்டு வரக் கால் இல்லையா?"

முணுமுணுத்தபடி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். போத்தலின் மூடிக் கோப்பையில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனவர் நிமிர்ந்தார். கோப்பை பாதியில் நின்றது.

"எங்க போகுது இந்தப் படகு? கடலுக்கா?"

"பரவால்ல தம்பி..." என்றார் செல்லத்தங்கம்.

"என்ன பரவால்ல? ஊட்டு ஜன்னலுக்கு வழுவழுப்புப் பக்கத்த வெளியால வெச்சு வெச்சு, இதையும் பழகின கை அப்பிடியே மாத்தி வெச்சிட்டு." வாப்பா வாசலுக்குத் திரும்பினார். "புட்டி காயல்ல. மகள், உள்ளால ரெண்டு கையாலயும் தாங்கிப் புடி. அமத்திராத!"

ஹிமாயா வாங்கில் ஏறி, உள்ளங்கைகளைக் கண்ணாடியில் வைத்தாள். வெளியே கத்தி உரசியது.

கிறீச்!

"உடைஞ்சிட்டா வாப்பா?"

கத்தி நின்றது.

"வாப்பா?"

"கத்திதான் சட்டத்துல பட்டுட்டு. நீ கத்தினதுலதான் நான் ஏணியால உழப் பாத்தன்!"

கண்ணாடி மெல்லக் கழன்றது. வாப்பா அதைத் திருப்பி வைத்துப் பூட்டினார்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியே இறங்கி, நீலமும் சிவப்புமாய் ஒரு படகைத் தரையில் போட்டது. அதன் மூக்கு கரைப் பக்கம் இருந்தது.

வாப்பா ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

செல்லத்தங்கம் மறுபடி கூட்டத் தொடங்கினார். படகு விழுந்த இடத்தை மட்டும் தொடாமல், சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.