வட்டம் கெட்ட பொட்டு

“அதக் கையால தொடாதீங்க சார். எனக்கே கொமட்டுதுங்க.”

“தொடாம எப்படிங்க பாக்கறது?”

“பாக்கவே வேண்டாம்ங்க. செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவன் வாயில இருந்து நீங்க வரவெச்சாப் போதும்.”

மேசைமேல் கிடந்த பழுப்பு உறையைப் பாலகோபால் இரண்டு விரல் நுனிகளால் பிடித்துச் சாய்த்தார். வழவழப்பான தாள் ஒன்று சரிந்து விழுந்தது. விடுதி அறை போன்ற ஓரிடம். கட்டிலில் சட்டை திறந்த ஓர் ஆண், அவன் தோளில் சாய்ந்து ஒரு பெண். பெண்ணின் உடல் யாருடையதோ. முகம் மட்டும், எதிரே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வெங்கடபதியின் மகள் லாஸ்யாவினுடையது.

பாலகோபால் தொழிலே கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, முன்பே மனைவி உண்டா என்று விசாரித்து விசாரித்து மனிதர்கள் மேல் அவருக்கு ஒருவித ஒவ்வாமையே வந்திருந்தது. ஆர்.எஸ்.புரத்தில் அவருடைய மாடி அறைக்குக் கீழே நஃபீசா பிரவுசிங் சென்டர் நடத்தினாள். படியேறும் ஆள் பதற்றமாகத் தெரிந்தால் போதும், கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு அவளும் பின்னாலேயே ஏறிவிடுவாள்.

“தலைய வெட்டி ஒட்டியிருக்காங்க சார்,” என்றாள் இப்போதும். “கழுத்துல பாருங்க, நெறமே சேரல.”

“என் பொண்ணு மொகம் எனக்குத் தெரியாதா அம்மணி? ஊருக்கல்ல தெரியோணும்!” என்று சீறினார் வெங்கடபதி.

உறை முதலில் வந்தது பெருந்துறையில் இருக்கும் சம்பந்தி லட்சுமணசாமியின் வீட்டுக்கு. பிறகு இரண்டு உறவினர் வீடுகளுக்கு. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை சசிதர் வராமலேயே நிச்சயம் முடிந்திருந்தது. இப்போது சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மை தெரியாவிட்டால் நிச்சயம் முறிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். லாஸ்யா வேலைக்குப் போன ஆய்வுக்கூடத்துக்கு இனி வரமாட்டாள் என்று வீட்டிலிருந்தே சொல்லியாகிவிட்டது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“செஞ்சது ஸ்டுடியோ கந்தப்பன்தானுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்குக் குடுக்கப் போட்டோ எடுத்தது அவன். கம்ப்யூட்டர்ல வெட்டறது ஒட்டறது எல்லாம் தெரிஞ்சவன். நேத்து போயி ஒரு அறை உட்டேன். போட்டோச் சட்டத்து மேல உழுந்து நெத்தி கிழிஞ்சுபோச்சு. அப்பவும் ஒத்துக்க மாட்டேங்கறான்.”

“அந்தப் போட்டோ எங்கெங்க இருக்குதுங்க?”

வெங்கடபதி மடியில் வைத்திருந்த சட்டமிட்ட படத்தை மேசைமேல் வைத்தார். பச்சைப் பட்டில் லாஸ்யா. “ஊட்டுல இது ஒண்ணு. கந்தப்பன்கிட்ட மூலப்படம். அமெரிக்காவுக்கு அனுப்ப சம்பந்தி ஆபீசுக்கு ஈமெயில்ல ஒண்ணு. அத இந்த அம்மணிதான் அனுப்பிக் குடுத்துது.”

“ஆமாங்க சார்,” என்றாள் நஃபீசா. “கந்தப்பன் அண்ணன் ஃபிளாப்பில குடுத்தது பெரிய படம். பெருந்துறை ஆபீஸ்ல சின்னதா, சதுரமா வேணும்னாங்க. சுருக்கி அனுப்பிப்போட்டு, சுருக்கினத அழிச்சுப்போட்டேன்.”

“மாப்பிள்ளை படத்தப் பாத்துட்டு என்ன சொன்னாருங்க?”

“சம்பந்தி இருக்கறப்ப பையன்கிட்ட நேரா பேசறது மரியாதையில்லீங்களே. பையனுக்குப் பிடிச்சுதுன்னு அவருதான் சொன்னாரு.”

பாலகோபால் பூதக்கண்ணாடியை எடுத்தார். சட்டத்திலிருந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தார்.

“உங்க பொண்ணு வெக்கறது ஸ்டிக்கர் பொட்டுங்களா, சாந்துங்களா?”

“ஏனுங்க, நான் மானம் போகுதுன்னு நிக்கறேன், நீங்க பொட்டக் கேக்கறீங்க! ஸ்டிக்கர்தான்.”

“இந்தாளோட வாட்ச்சப் பாரு நஃபீசா. நல்ல வட்டம், இல்ல?”

“ஆமாங்க சார். அதுக்கென்ன?”

அவர் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். திரும்பி வந்தவர் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கழுவப் போனார்.

மறுநாள் பாலகோபாலும் நஃபீசாவும் பெருந்துறைக்குப் போனார்கள். தொழிற்பேட்டையில் லட்சுமணசாமியின் ஆபீஸ் அறை குளுகுளுவென்று இருந்தது. அவர் மோர் வரவழைத்தார். தனக்கு வந்த பிரதியைக் குங்குமச் சிமிழ் இருந்த அதே இழுப்பறையிலிருந்து எடுத்தார். நீட்டுவதற்கு முன், தேவைக்கு அதிகமாக அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார். நஃபீசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நல்ல எடம்னு நெனச்சமுங்க,” என்றார் நாக்கைச் சப்புக்கொட்டி. “என்ன பண்றது?”

“ஈமெயில்ல வந்த படத்த ஆபீஸ்ல நாலு பேரு பாத்திருப்பாங்களோன்னு பொண்ணோட அப்பாவுக்குக் கவலைங்க.”

“அதெப்படிங்க! நம்மூட்டுக்கு வரப்போற புள்ளையல்லங்க? மெயில் தெறக்கற பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும். என்னத் தவிர ஒரு ஈ, காக்கா பாத்ததில்ல.”

“பையனுக்கு அனுப்பியிருப்பீங்களே?”

“நான் பாத்தா அவன் பாத்த மாதிரிங்க. எம்பேச்ச மீற மாட்டான். அனுப்பவே இல்லீங்க.”

பாலகோபால் மோரைத் தொடாமலேயே எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. லட்சுமணசாமி விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தார். நெற்றியில் பிளாஸ்திரியோடு கந்தப்பன் வாசலோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வெங்கடபதி வேண்டாமென்று தடுத்தும் லாஸ்யா கூடவே வந்திருந்தாள்.

“கந்தப்பன், மூலப்படத்தப் போடுங்க,” என்றார் பாலகோபால்.

திரையில் படம் விரிந்தது. முகத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க இமை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“இது கையில இருக்கறவன் இதுல இருந்துதான் தலைய வெட்டுவான். அப்ப அந்தத் தாள்லயும் இமை தெரியோணும். ஆனா அதுல தாடை ஓரம் படிக்கட்டு மாதிரி கட்டங் கட்டமா இருக்குது. அப்படின்னா, ரொம்பச் சின்னப் படம் ஒண்ண எடுத்துப் பெரிசாக்கி அச்சடிச்சிருக்காங்க. சின்னது பெரிசானா, இல்லாத இமை வராதுங்க.”

“எவன் வேணும்னாலும் சுருக்கிப்போட்டுத் திருப்பிப் பெருக்கலாமல்ல?” என்றார் லட்சுமணசாமி.

“நல்ல கேள்விங்க. அதுக்குத்தான் பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு மெஷின்ல வெட்டறது, அச்சு வட்டம். சட்டத்துல இருக்கற படத்துலயும் வட்டம். இந்தத் தாள்ல மட்டும் படுக்கப்போட்ட முட்டையாட்டம் இருக்குது. பக்கத்துல இருக்கற ஆளோட வாட்ச் வட்டமாவே இருக்குது. அப்ப மொத்தத் தாளும் அமுங்கல. ஒட்டறதுக்கு முன்னாலயே லாஸ்யா முகம் மட்டும் அமுங்கியிருக்குது.”

நஃபீசாவின் கை வாயைப் பொத்தியது. “சார்... அமுக்கினது நானுங்க!”

“சொல்லு கண்ணு.”

“சதுரமா வேணும்னாங்க. படம் நெட்டையா இருந்துது. ரெண்டு பக்கமும் ஒரே அளவக் குடுத்துட்டேன். நீளமும் அகலமும் சேந்தே மாறட்டும்னு ஒரு டிக் போடோணும், அத மறந்துபோட்டேன். முகம் அகலமாப் போச்சு. சின்னப் படந்தானே, யாரு பாக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன்.”

அவள் மூலப்படத்தின் பிரதியொன்றை எடுத்து அதே தவற்றை மறுபடி செய்தாள். திரையில் லாஸ்யாவின் கன்னங்கள் உப்பின, பொட்டு முட்டையானது. முகத்தைப் பெரிதாக்கியதும் தாடையோரம் படிக்கட்டு எழுந்தது. பக்கத்தில் வைத்த தாளிலும் அதே முகம்தான் இருந்தது.

“இந்த அமுங்கின மூஞ்சி ஒரே ஒரு எடத்துக்குத்தான் போச்சு,” என்றார் பாலகோபால். “அங்க அத ஒரே ஒருத்தர்தான் பாத்தாரு. ஈ, காக்கா பாக்கலைன்னு அவரே சொன்னாரு.”

லட்சுமணசாமி விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

“ராத்திரி உங்க பையன்கிட்ட பேசினேனுங்க. இங்க யாரும் செய்யாத மரியாதைக் குறைச்சல நான் செஞ்சுபோட்டேன். அவரு அங்க கல்யாணம் பண்ணி ஆறு மாசமாச்சு. இங்க நிச்சயம் முடிஞ்சப்புறந்தான் உங்களுக்கே சொன்னாரு. இங்க நிச்சயம் நடந்ததே அவருக்குத் தெரியல. சொல்லு மாறினவருன்னு உங்களை நாலு பேரு பேசக்கூடாது. அதுக்கு இந்தப் புள்ள கெட்டவளாகோணும்.”

லாஸ்யா அழவில்லை. அழுகிய எதையோ மிதித்துவிட்டவள்போல் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

லட்சுமணசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுக்கவில்லை. குரல்கூட மாறவில்லை. “சரிங்க வெங்கடபதி. பொட்டு, கட்டம், முட்டை... இதெல்லாம் நம்ம சனத்துக்குப் புரியுமுங்களா? வெளிய போனா எனக்கும் அசிங்கம், உங்களுக்கும் அசிங்கம். உறை போன ஊட்டுக்கெல்லாம் நானே வாரேன். புள்ள சுத்தம், ஸ்டுடியோக்காரன் செஞ்ச வேலைன்னு என் வாயாலயே சொல்றேன். ஜாதகத்துல ஏதோ சரியில்லைன்னு ரெண்டு பேரும் கௌரவமாப் பிரிஞ்சுக்கலாம். இவருகிட்ட அப்படியே ஒரு ரிப்போர்ட் வாங்கிப்போடுங்க.”

கந்தப்பன் வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தார். ஆனால் அவர் பார்த்தது லட்சுமணசாமியை அல்ல, வெங்கடபதியை.

வெங்கடபதி தரையைப் பார்த்து வெகுநேரம் கணக்குப் போட்டார். பிறகு மெல்ல பாலகோபால் பக்கம் திரும்பினார்.

“சார்... எம்பொண்ணுக்கு இன்னொரு எடம் பாக்கோணுமுங்க. கந்தப்பன் செஞ்சதாவே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்களேன். அவனுக்கென்ன, ஆம்பளை, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துபோடுவாங்க.”

நஃபீசா கணினியை அணைத்தாள். பாலகோபால் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, தன் கைக்கு எட்டாத தூரத்தில் மேசைமேல் வைத்தார். இந்த முறை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று அவருக்குத் தோன்றியது.

லாஸ்யா எழுந்தாள். வாசலுக்குப் போய் கந்தப்பனின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அப்பா,” என்றாள். “இவரு நெத்தியப் பாத்து, இப்பச் சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க.”