முகவரிக்கு எட்டு மார்க்

நிராகரித்த அப்ளிகேஷனுக்கு மார்க் ஏறாது. ஆகவே, செல்லச்சாமியின் பெயருக்கு நேரே காலையில் நாற்பத்திரண்டாக இருந்தது மாலையில் நாற்பத்தாறாக நின்றதைப் பார்த்தபோது, கிறிஸ்தோபர் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடியில் குற்றமில்லை.

மாத்தளையில் ஒரு மிளகுக் கடையின் மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகம் சீகிரியா ஹோட்டல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க முதலாளி நுஹ்மான் 2007இல் கொழும்பிலிருந்து ஒரு மென்பொருள் வாங்கினார். படிப்புக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஐம்பது எடுத்தால் அழைப்புக் கடிதம். முகவரிக்கு எட்டு மார்க் வைக்கலாம் என்றவன் கிறிஸ்தோபர்: தெருவுக்கு நாலு, வீட்டு எண்ணுக்கு நாலு.

"தோட்டத்து ஆளுகளுக்கு ரெண்டுமே இருக்காது சேர். எஸ்டேட் பேரோட முடிஞ்சிரும். நாம ஒண்ணும் சொல்ல வேணாம், தானா கழிஞ்சிருவாங்க."

"சரியான கள்ளன் நீங்க," என்று நுஹ்மான் சிரித்தார். "ஒங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

தெரியும். பதினெட்டு வயது வரை அவனுக்கும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்தன. கணக்கப்பிள்ளைக்கு மனமிருந்தால் கைக்கு வரும். ஆனால் இந்த அலுவலகத்திலும் சரி, மனைவி டொறீனிடமும் சரி, டவுனில் பிறந்ததாகத்தான் சொல்லி வைத்திருந்தான்.

பிறகு ஒருநாள், நாற்பத்திரண்டில் கழிந்துபோன செல்லச்சாமி நேரிலேயே வந்தான்.

"அண்ணே, தெரியலயா? லயத்துல பக்கத்துக் காம்பரா! ஒங்கம்மா சுட்ட ரொட்டியப் பாதி நான்தானே தின்னேன்."

நுஹ்மான் நிமிர்ந்து பார்த்தார். "ஆள் மாறிப் பேசுறீங்க தம்பி," என்றான் கிறிஸ்தோபர்.

செல்லச்சாமி மேசையில் வைத்த சான்றிதழ் ஃபைலை எடுத்தான். அதைத் திரும்ப ஷாப்பிங் பைக்குள் சுற்றினான். "மன்னிச்சிக்கங்க சேர்."

அண்ணன் சேராக மாறிய அந்த இடம் கிறிஸ்தோபரின் காதில் இன்னும் சுட்டது. இங்கே கிடைக்காத வேலையைத் தேடிக் கொழும்புக்குப் போன செல்லச்சாமியை லொட்ஜிலிருந்து யாரோ ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

இப்போது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மழை தகரத்தில் இரைந்தது. கீழே மிளகுக் கடை பூட்டியிருந்தும், மிளகு வாடைக்குப் பதிலாக ஈரச் சாக்கும் புளித்த கொக்கோ விதையும் கலந்த ஒரு வாடை படியேறி வந்து மேசைக்கடியில் தங்கியது. ஒரே தகரக் கூரையின் கீழ் காம்பராக்கள் ஒட்டி ஒட்டி நின்ற அவர்களுடைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கொக்கோ புளிக்க வைக்கும் கொட்டில் இருந்தது.

அவன் விண்ணப்பத்தைத் திறந்தான். காலியாக இருந்த தெருக் கட்டத்தில் 'சேர்ச் ரோட்' என்றிருந்தது. கிறிஸ்தோபர் குடியிருப்பது சேர்ச் ரோட்டில்.

அழித்தான். திரும்ப வந்தது.

பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டு எண்.

அவனுடைய எண்.

ஐம்பது. பிரின்டர் தானாக உறுமி அழைப்புக் கடிதத்தைத் துப்பியது. தாள் நனைந்திருந்தது.

ஃபோன் அடித்தது. டொறீன்.

"எப்ப வருவீங்க? ஒருத்தர் வந்திருக்காரு, செல்லச்சாமின்னு. சின்னதுல ஒங்க பக்கத்துக் காம்பராவாம். காம்பரான்னா என்னங்க? உள்ள ஒக்கார வச்சிருக்கேன். மேலெல்லாம் தண்ணி சொட்டுது, டவல் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு."

"டொறீன், வெளிய வந்துரு."

"வெளியவா? கேட்ல இன்னும் ஆளுக நிக்கிறாங்களே. எல்லார் கையிலயும் ஃபைல்."

ஓடினான். குடையில்லாமல். ஒரு செருப்பு வழியில் போனது.

சேர்ச் ரோட்டில் இப்போது மதில்கள் இல்லை. கேட்டுகள் இல்லை. ஒரே நீளத் தகரக் கூரை. அதன் கீழே கதவுகள், ஒட்டி ஒட்டி, மழைக்குள் மறையும் வரை. ஒன்றிலும் எண் இல்லை.

கொக்கோ வாடை.

எது தன் வீடு? டொறீனுக்கு ஃபோன் எடுத்தான். முதல் கதவுக்குப் பின்னால் மணி அடித்தது. அடுத்த கதவுக்குப் பின்னாலும். அதற்கடுத்ததிலும்.

மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

கதவுகள் கையகலம் திறந்தன. ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் ஓர் ஈரக் கை, ஷாப்பிங் பையில் சுற்றிய ஃபைலொன்றை அவனிடம் நீட்டியது.

எல்லாக் கைகளிலும் டொறீனின் கல்யாண மோதிரம்.