அல்லிக்குளத்தருகே செய்த சத்தியம்

1972-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்து முற்பகல் ஒன்றில், அடையாற்றங்கரையிலிருந்த பழைய ஆங்கிலேயர் தோட்ட பங்களாவுக்கு ரகுபதி வந்து சேர்ந்தான். அதை வாங்கியிருந்த புது முதலாளி அன்று குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்திருந்தார். வெள்ளைத் தூண்கள், கத்தரித்த செடிவேலி, அல்லிக்குளம், ஆறுவரை சரிந்திறங்கும் புல்வெளி. அனைத்தையும் இடித்துச் சமன் செய்து வீடுகள் கட்டுவதே அவர் எண்ணம்.

இடையூறு ஒன்றே ஒன்று: பின்கட்டுக் குடிசையில் வாழ்ந்த சொர்ணம். அவள் கணவன் வெள்ளைச்சாமி முப்பது ஆண்டுகள் அத்தோட்டத்தைப் பேணி, அல்லிக்குளத்தருகே உயிர் விட்டவன். குடிசையைக் காலி செய்ய இசைவதாக எழுதிய தாளில் அவளுடைய கைநாட்டை வாங்கவே குமாஸ்தா ரகுபதி வந்திருந்தான். பழைய முதலாளி காலத்திலிருந்து அவளுக்கு மனுக்கள் எழுதித் தந்தவன் அவன். தம்பியாகவே அவனை நம்பியிருந்தாள்.

"இன்னா காயிதம் நைனா இது?"

"ரேஷன் கார்டுக்கு, அக்கா."

அவள் அவனைக் குளத்தருகே அழைத்துச் சென்று, கணவன் விழுந்த கல்லின்மீது கற்பூரம் ஏற்றினாள். அவர்கள் வழக்கம் அது. சுடரை உள்ளங்கையால் அடித்தணைத்துச் சொன்ன சொல் பொய்யாகாது.

"அவரு கேட்டுக்கினு கீறாரு. அடிச்சுச் சொல்லு. எனக்கு அது போதும்."

கல்லும் காற்றும் சாட்சி சொல்ல வரப்போவதில்லை என்று எண்ணிய ரகுபதி, சொன்னதையே மீண்டும் சொல்லி, சுடரை ஓங்கி அடித்தான்.

கை சுடவில்லை.

குளத்துச் சேற்றில் அழுந்தியதுபோல் சில்லிட்டது. மரங்களில் பறவை ஒலி அடங்கியது. ஈரமண் வாசனை முதுகுப்புறம் நெருங்கி வந்தது. திரும்பினான்.

எவருமில்லை.

சொர்ணம் சிரித்த முகத்தோடு விரலை மையில் தோய்த்துத் தாளில் பதித்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு பங்களாவின் கூடத்துக்கு விரைந்தான். முதலாளி தாளை நோக்கவில்லை. அவனுக்குப் பின்னே தரையை நோக்கினார். தோட்டக்காரனைச் சேற்றுக் காலோடு உள்ளே கூட்டி வருவதா என்று கடிந்துகொண்டார்.

சலவைக்கல் தரையில் வெறுங்கால் சுவடுகள். ரகுபதிக்கு ஓரடி பின்னால் அவை நின்றிருந்தன.

திரும்பிச் சென்ற சுவடு ஒன்றுகூட இல்லை.

தை மாதம் சொர்ணத்தை வெளியேற்றினார்கள். மூட்டையோடு வாயிலில் நின்றவள் ரகுபதியை ஏசவில்லை, அழவுமில்லை. அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"எனக்கு வேளச்சேரில தங்கச்சி வூடு கீது. அவருக்குத்தான் போக்கிடமில்ல. உன் வூட்டுக்குப் போவச் சொல்லிட்டேன், நைனா."

மாம்பலத்தில், ஒரு மாடியில் இரண்டு அறைகள். அதுவே ரகுபதியின் வீடு. சுற்றிலும் சிமெண்டுத் தளம். தொட்டிச் செடிகூடக் கிடையாது. மறுநாள் நண்பகல் அவனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த மனைவி பங்கஜம், கரண்டியை நிறுத்திவிட்டுச் செவி சாய்த்தாள்.

"ஏங்க... உள்ளறையில யாரு புல்லு வெட்டறது?"